மூன்று கொத்து வேப்பிலை

ஆற்றுப் பாலத்தை அடைத்து அறுபது நாளாகிவிட்டது. காய்ச்சல் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கும். குணமாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் எடுத்துவிடுவார்கள். விடியற்காலைப் பனியில் தெருத்தெருவாக நடந்து அந்தக் கொத்துகளை எண்ணி வருவது மடத்துச் சீடன் சாத்தப்பனின் வேலை.

அன்று மூன்றுதான் இருந்தன.

பாலத்தைத் திறப்பதா வேண்டாமா என்று ஊர்ச் சபையில் ஒரு வாரமாகச் சண்டை. இன்னும் பதினைந்து நாள் பொறுக்க வேண்டும் என்றார் வைத்தியர். ஊரே பட்டினியில் செத்தபிறகு கஷாயத்தை யாருக்கு ஊற்றுவீர் என்று நெசவாளர்கள் கேலி செய்தார்கள். கடைசியில் சாத்தப்பன் சொல்லும் எண்ணுக்கு எல்லோரும் கட்டுப்படுவதென்று முடிவாயிற்று. ஐந்துக்குக் கீழே என்றால் நண்பகலில் பாலம் திறக்கும்.

அக்கரையில் அவன் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம். அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

சபைக்குப் போகுமுன் மடத்துக்குள் நுழைந்தான். குரு நாச்சியம்மை அவனைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"மூன்று என்று சொல்லிவிடலாமா, அம்மா?"

அவள் எழுந்து வெளியே நடந்தாள். அவன் பின்தொடர்ந்தான். வீடுகள் பனியில் மிதந்தன. அவர்களுடைய காலடி அவர்களுக்கே கேட்கவில்லை.

வேப்பிலை இல்லாத ஒரு வீட்டின் முன் தள்ளி நின்று அவள் கூப்பிட்டாள். கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே இருட்டில் ஒரு குழந்தை காய்ச்சலில் முனகியது. வேப்பிலை கட்டினால் வியாபாரிகள் தறிக்கு நூல் தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த தெருவில், வேப்பிலை தொங்கிய வாசலில் ஒருவர் தெம்பாக விறகு பிளந்துகொண்டிருந்தார். காய்ச்சல் விட்டு இருபது நாளாயிற்றாம். கொத்தை எடுத்தால் மடத்துக் கஞ்சி நின்றுவிடுமே என்று சிரித்தார்.

சாத்தப்பன் நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

"சரியான எண்ணிக்கை எப்படித்தான் கிடைக்கும்?"

"காய்ச்சல் வீட்டுக்கும் நூல் கொடுக்கச் சொல்லுங்கள். குணமான வீட்டுக்கும் நாம் கஞ்சி ஊற்றுவோம். பிறகு எண்ணுங்கள்."

"இன்று சபையில் என்ன சொல்ல?"

"தெரியவில்லை என்று சொல்லுங்கள்."

எங்கோ ஆறு ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கரையில் என் மகள் இருக்கிறாள், அம்மா."

"தெரியும்" என்றாள் நாச்சியம்மை. "அதனால்தான் நீங்கள் ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை."