சிணுங்கி மூட்டத்தைத் துளைத்த கதை

அந்தக் காலத்தில் வானத்துத் துகளுக்கும் ஒளிக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் வம்பும் இருக்குமே! வெகு தொலைவில் ஒரு வான்கோட்டை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத காந்தக் கயிறுகள். செக்குமாடு மாதிரி அந்தக் கயிறுகளைச் சுற்றிச் சுற்றி ஓடுவதுதான் மின்துகள்களின் பிழைப்பு. அவர்களில் விசுக்கி என்று ஒருத்தி. ஓட்டத்தில் ஒளிக்கு ஒரு மயிரிழைதான் பின்னே நிற்பாள்.

அவள் வளைந்து திரும்பும்போதெல்லாம் மேனியிலிருந்து வானொலிக் கதிர் உதிரும். அப்படி உதிர்ந்த பிள்ளைதான் சிணுங்கி. நீண்ட அலை, நோஞ்சான் உடம்பு. உதிர்த்த பிள்ளையைத் தாய் திரும்பத் தொடக் கூடாது. அது கோட்டை வழக்கம்.

கோட்டை வாசலை அடைத்துக்கொண்டு மூட்டம் என்ற புகை அரக்கன் குந்தியிருந்தான். மெலிந்த கதிர்தான் அவனுக்குத் தீனி.

“வாடி நூலாம்படை! உன் அக்காமார் எல்லாம் என் வயிற்றில்தான் கிடக்கிறார்கள்.”

சிணுங்கி அலறியடித்துத் திரும்பினாள். “அம்மா, அவன் என்னை விழுங்கிடுவான்!”

எத்தனை பிள்ளையைத்தான் வாரிக் கொடுப்பது? விசுக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அழாதேடி. ஓடி வந்து என்மேல் மோது.”

“பின்னாலே வரட்டுமா அம்மா?”

“பின்னாலே வந்து உரசினால் ஒன்றும் தேறாது. முகத்துக்கு முகம் வா!”

மூட்டம் உறுமினான். “ஏய், தொட்டால் உன் ஓட்டம் போய்விடும். அப்புறம் உன்னை எவள் மதிப்பாள்?”

“ஓட்டம் என்னுது, பிள்ளை என்னுது. நடுவிலே நீ யாருடா நாட்டாமை?”

சிணுங்கி மோதினாள். விசுக்கி தன் வேகத்தை அள்ளி அப்படியே பிள்ளைக்குள் இறக்கினாள். நீண்டு தொங்கிய அலை சுருங்கி, ஊசியாய் இறுகியது. மூட்டம் வாயைப் பிளந்தான். சிணுங்கி வாய் வழியே நுழைந்து முதுகு வழியே போயே போய்விட்டாள்!

விசுக்கியின் ஓட்டம் தளர்ந்தது. கூட ஓடியவள் ஒருத்தி சிரித்தாள். “என்னடி, ஆமை நடை?”

“ஆமையாகவே இருந்துட்டுப் போறேன். என் பிள்ளை வெளியே போயிட்டா. உன் பிள்ளை எங்கேடி?”

சிரித்தவளும், அடுத்து உதிர்ந்த தன் பிள்ளைக்கு நேரே திரும்பினாள்.

அவளைப் பார்த்து மற்றத் தாய்மாரும் திரும்பினார்கள்; அன்று திரும்பியவர்கள் திரும்பியவர்கள்தான். வானொலியாய் முனகும் அந்தக் கோட்டையிலிருந்து, சதையைத் துளைக்கும் எக்ஸ்ரே கதிர் இன்றைக்கும் சீறிக்கொண்டு வருவது அதனால்தான். அதை அனுப்பிய தாய்மார் அங்கே மெல்ல நடக்கிறார்கள், தலை மட்டும் குனிவதில்லை.