இரண்டு மூக்குப் படகு

தவோமா என்றொரு தீவு நாடு. பசிபிக் கடலில் ஒன்பது தீவுகள், சட்டசபையில் பதின்மூன்று நாற்காலிகள், அவ்வளவுதான் நாடு. அங்கே நான்கு முறை பிரதமராக இருந்தவர் தெமானு. நான்கு முறையும் கூட இருந்தவர்களே காலை வாரினார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் பக்கம் மாறித்தான் அந்த நாற்காலியைப் பிடித்தார்.

பதவி போனால் மெலேவாவின் படகுத்துறைக்கு வந்துவிடுவார். மெலேவா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள், பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தீவில் பிறந்தும் விமானத்திலேயே காலம் தள்ளிய மனிதர், அறுபது வயதில் அவளிடம் சீடராகச் சேர்ந்தார். பதவி வந்ததும் ஆள் காணாமல் போவார், பாடம் பாதியில் நிற்கும். மெலேவா கோபித்துக்கொண்டதில்லை. பதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவரைப் 'பிரதமரே' என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று காலை அவர் பின்னாலேயே ஆறு பேர் வந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள். ஆளுங்கட்சியில் ஏழு பேர், தெமானு அதில் கடைசி வரிசை. அவர் இவர்கள் பக்கம் தாண்டினால் ஆட்சி கவிழும், அவரே ஐந்தாம் முறை பிரதமர். நண்பகலில் சபை கூடுகிறது. அதற்குள் பதில் வேண்டும். நம்பிக்கைக்குக் குறைவில்லை, கையோடு பூமாலையும் கட்டி எடுத்து வந்திருந்தார்கள்.

அவர்களைத் தென்னை நிழலில் உட்கார வைத்துவிட்டு தெமானு படகருகே போனார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"ஏறுங்க. தண்ணியில பேசலாம்."

ஏறினார். முழங்கால் விண்ணென்று வலித்தது. அவருக்கு எல்லாமே அலுத்திருந்தது. கை தூக்குவது, கை குலுக்குவது, மாலைக்குக் கழுத்தை நீட்டுவது, எல்லாமே.

அந்த ஊர்ப் படகு ஒல்லியானது. தனியாக விட்டால் உருண்டுவிடும். அதனால் ஒரு பக்கத்தில், கைக்கெட்டாத தூரத்தில், ஒரு மிதப்புக் கட்டையைக் கழிகளால் பிணைத்திருப்பார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கமே கட்டை இருக்க வேண்டும். பாயில் காற்று தள்ளும்போது படகு சாயாமல் கட்டையின் பாரம் பிடித்துக்கொள்ளும்.

மெலேவா பாயை விரித்தாள். தெமானு பின்முனையில் சுக்கான் துடுப்போடு உட்கார்ந்தார். கரை விலகியது.

"இப்பக் கேளுங்க."

"ரேடியோவுல என்னை என்ன சொல்றாங்க தெரியுமா? ரெண்டு மூக்குப் படகாம். எந்தப் பக்கமும் போவேனாம்."

"சரியாத்தானே சொல்றாங்க."

தெமானுவுக்குச் சுருக்கென்றது. "நாலு தடவை மாறிட்டேன். இன்னொரு தடவை மாறலாமா? அதான் கேள்வி."

"திரும்பணும்," என்றாள் மெலேவா. "எழுந்திரிங்க."

அந்தப் படகு வளைந்து திரும்பாது. பாயைத் தளர்த்தி நிறுத்துவார்கள். பாயின் அடிமுனையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தூக்கிப்போய்க் கட்டுவார்கள். துடுப்புக்காரர் எதிர்க் கோடிக்கு நடப்பார். பின்பக்கம் முன்பக்கமாகிவிடும், கட்டை மட்டும் காற்றுப் பக்கமே இருக்கும். மெலேவா பாயோடு ஒரு பக்கம் போக, தெமானு முனகிக்கொண்டே துடுப்போடு மறுபக்கம் போனார்.

"இப்ப எது மூக்கு?"

"நான் இருந்த பக்கம்."

"முன்னாடி?"

"இது." அவருக்கு முகம் மலர்ந்தது. "அப்போ ரெண்டு மூக்கு இருக்கிறது தப்பில்ல!"

"படகுன்னா ரெண்டும் வேணும்."

அந்த வார்த்தையை எத்தனை வருஷமாகத் தேடினாரோ! அழுகையே வந்துவிட்டது. கரையைப் பார்த்தார். ஆறு பேரும் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது.

"போதும், கரைக்குப் போயிடலாம்."

"அப்ப இன்னொரு தடவை மாத்தணும். எழுந்திரிங்க."

"ஐயோ, மறுபடியுமா? முட்டி தாங்காதும்மா. உட்கார்ந்த இடத்துலேயே திருப்பிடறேன்."

அவள் வேண்டாம் என்பதற்குள் துடுப்பை முழுபலத்தோடு அழுத்தினார். படகு சுழன்றது. மிதப்புக் கட்டை காற்றுக்கு மறைவான பக்கம் போனது. பாய் படாரென்று கம்பத்தில் அறைந்தது. கட்டை தண்ணீருக்குள் அமிழ, அந்தப் பக்கமாகப் படகு சரிந்து கடல் உள்ளே கொட்டியது. மெலேவா பாய்க் கயிற்றை விட்டுவிட்டு எதிர்ப்பக்க விளிம்பில் தாவி உட்கார்ந்தாள். படகு மெல்ல நிமிர்ந்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் துடுப்புப் போட்டுக் கட்டையை மறுபடி காற்றுப் பக்கம் கொண்டுவந்தார்.

முழங்கால் அளவு தண்ணீர். அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையை அவரிடம் நீட்டினாள். இருவரும் இறைத்தார்கள்.

"என்ன ஆச்சு, பிரதமரே?"

"கட்டை பக்கம் மாறிடுச்சு."

அவள் கொஞ்ச நேரம் இறைத்தாள். பிறகு கேட்டாள்.

"முதல் தடவை எதுக்கு மாறினீங்க?"

அதைச் சொல்ல அவருக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. நுயாபே அவர் பிறந்த தீவு, கோடியில் இருப்பது. அங்கே அவர் மனைவி சேலா பிரசவ வலியில் மூன்று நாள் படகுக்குக் காத்திருந்து செத்துப்போனாள். "மருத்துவப் படகுக்காக. தர்றோம்னு சொன்னவங்க பக்கம் போனேன். வாங்கியும் விட்டேன்."

"ரெண்டாவது?"

"அதை நிறுத்தப் பார்த்தாங்க. அதுக்குத்தான்."

"மூணாவது?"

"எஞ்சின் போயிடுச்சு. சரி பண்றேன்னவங்ககூடச் சேர்ந்தேன். அதுவும் அதுக்குத்தான்."

"நாலாவது?"

தெமானு சிரட்டையை நிறுத்தினார். மருத்துவப் படகு இப்போது நுயாபே மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதன் நிழலில் பன்றிகள் படுத்திருக்கும். நான்காவது முறை அவரைப் பிரதமராக்குகிறோம் என்றார்கள். போனார். வேறொன்றும் நினைவில்லை.

"அவங்ககிட்ட இன்னைக்கு என்ன கேட்டிருக்கீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பதினொரு நிபந்தனைகள். இலாகாக்கள், பிரதமர் மாளிகை, ஐ.நா. சபைக்குப் போகும் குழு. மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். "மருத்துவப் படகு இதுல இல்ல," என்றார்.

"அவங்க அடிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா." அவர் காகிதத்தை மடித்தார். "எழுதினதே நான்தான்."

மெலேவா பாயின் அடிமுனையைத் தூக்கிக்கொண்டு மறு கோடிக்கு நடந்தாள். தெமானுவும் துடுப்போடு எழுந்து நடந்தார். கட்டை காற்றுப் பக்கமாகவே நின்றது. படகு கரையை நோக்கிப் புறப்பட்டது.

கரை நெருங்கியது. ஒருவன் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டான். பூக்கள் வாடியிருந்தன.

தெமானு அவசரமாகப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். "பன்னிரண்டாவதா ஒரு வரி சேர்த்துடறேன். ஒத்துக்குவாங்க. அப்போ போகலாம்தானே?"

மெலேவா கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிதப்புக் கட்டை என்ன சரக்கா பிரதமரே, இடமிருந்தா கடைசியில ஏத்திக்க? படகு நிக்கிறதே அதை நம்பித்தான்."

"என்ன முடிவு?" என்று கரையிலிருந்து கத்தினார்கள்.

தெமானு பேனாவைத் திறக்கவில்லை.