வைத்தியர் வீடு அடைந்தார்

"ஒரு வைத்தியன் வீட்டைக் கண்டு... விக்!... பிடிக்கத் துப்பில்லை. சபையில் உட்கார்ந்து வெற்றிலை... விக்!... மெல்ல மட்டும் தெரிகிறது!"

மாறவேல ராஜா காலையிலிருந்து இதையேதான் கத்திக்கொண்டிருந்தார். விக்கல் நின்றபாடில்லை. தண்ணீர் குடித்தாயிற்று, சர்க்கரை தின்றாயிற்று. மூச்சை அடக்கியதில் முகம் கத்தரிக்காய் நிறமானதுதான் மிச்சம். இனி வைத்தியர் பரிதியப்பர் வந்தால்தான் உண்டு. அவரோ போன வாரம்தான் கோட்டைக்குள் புது வீட்டுக்குக் குடிபோனார். எந்த வீடு? அது தளவாய் செண்டலங்காரனுக்கு மட்டும்தான் தெரியும்.

"சொல்லித் தொலையுங்களேன்!" என்றாள் நீலாயி. ராஜா கத்தும்போதும் வாயைத் திறக்கத் துணிந்த ஒரே ஆள் அவள்தான். அதற்காகவே சபையில் அவளுக்கு ஓர் ஆசனம்.

தளவாய் மீசையைத் தடவினார். "வைத்தியரின் மறைச்சொல்லைச் சொல்லுங்கள் அம்மணி, உடனே சொல்கிறேன். மறைச்சொல் இல்லாமல் யார் வீட்டையும் யாருக்கும் சொல்லக் கூடாது. ராஜாவுக்கே சொல்லக் கூடாது. ராஜாவின் கட்டளை."

"திருடனுக்குப் பயந்து நான்தான் போட்டேன்!" என்றார் ராஜா. "போட்டதை மாற்றினால் நான்... விக்!... ராஜாவா? நீலாயி, பொழுது சாய்வதற்குள் கண்டுபிடி. இல்லையென்றால் உன் ஆசனம் தளவாயின் மைத்துனனுக்கு."

அந்த மைத்துனன் அதற்குள் ஆசனத்து மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தளவாயே, ராஜாவுக்கு விக்கல் தொடங்கும் முன்பே காலையில் அரண்மனையிலிருந்து புறப்பட்டாரே வைத்தியர், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாரா? அதையாவது சொல்லலாமா?"

"சேர்ந்தார். என் கண்ணாலேயே பார்த்தேன்."

நீலாயி ஓர் ஓலையில் ஒரே ஒரு வரி எழுதி முரசறைபவனிடம் அனுப்பினாள். சற்று நேரத்தில் வாசலில் முரசு அதிர்ந்தது.

"அரண்மனை வைத்தியர் பரிதியப்பர் இன்று காலை வீடு அடைந்தார்ர்ர்!"

ராஜா துள்ளி எழுந்தார். "ஐயோ! வீடுபேறு அடைந்துவிட்டாரா? நேற்றுகூடக் கஷாயம் கொடுத்தாரே!"

கோட்டைக்குள் யார் இறந்தாலும் முதல் மாலை தளவாய் கையால்தான் விழ வேண்டும். அது அங்கே வழக்கம். செண்டலங்காரன் பூக்காரியிடம் ஒரு மாலையைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"வாருங்கள் ராஜா," என்றாள் நீலாயி. சபை மொத்தமும் பின்னாலேயே போனது.

ஒரே மாதிரி வீடுகள் நிறைந்த தெருவில் ஒரு கதவை மட்டும் தட்டினார் தளவாய். கதவு திறந்ததும் கண்ணை மூடி விம்மியபடி, எதிரே நின்றவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். நின்றது பரிதியப்பர்! லேகியம் கிளறிய இரண்டு கையும் முழங்கை வரை பிசுபிசுக்க, விழித்துக்கொண்டு நின்றார்.

"நீலாயி! உயிரோடிருப்பவருக்குச் சாவு முரசா?"

"சாவு என்று எங்கே எழுதினேன், ராஜா? காலையில் புறப்பட்டார், வீடு அடைந்தார். தளவாயே சாட்சி."

"மறைச்சொல் இல்லாமல் வீட்டைக் கேட்டாயே!" என்று பாய்ந்தார் தளவாய்.

"யார் கேட்டது? நீங்கள் நடந்தீர்கள், நாங்கள் பின்னால் நடந்தோம்."

ராஜா தெருவென்றும் பாராமல் சிரித்தார். திடீரென்று நிறுத்தினார். "என் விக்கல் எங்கே?"

"முரசைக் கேட்டுத் துள்ளினீர்களே, அப்போதே போய்விட்டது."

"ஆசனம் உனக்கேதான்! புது மெத்தையும் போடச் சொல்கிறேன். பழையதை அந்த மைத்துனன் அமுக்கியே பள்ளமாக்கிவிட்டான்!"

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நடுவில் வைத்தியர் மட்டும் லேகியக் கைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யாராவது இந்த மாலையைக் கழற்றிவிடுங்களேன்..."