இளையவளை அனுப்பிவிட்டு வந்தவன்

"போதகரய்யா, இப்ப எனக்கு ஒரே பொஞ்சாதிதான். இனி என்னைய மூப்பராக்கத் தடையில்லையே?"

கேட்டவன் தவசிமுத்து. மூன்று வருஷத்துக்கு முன் குடும்பத்தோடு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவன். அப்போதே அவனுக்கு இரண்டு மனைவிகள். அப்படிப்பட்டவன் சபையில் இருக்கலாம், சபையை முன்னின்று நடத்தும் மூப்பராக முடியாது என்பது சட்டம்.

போன மாதம் பழைய மூப்பர் இறந்துபோனார். இடம் காலி. புது மூப்பர் வேண்டுமென்று சபையார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசை யாரை விட்டது!

போதகர் வேதக்கண் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"இளையவ எங்க?"

"அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"பிள்ளைக?"

"அவ கூடத்தான்."

"அழுதாளா?"

தவசிமுத்து கீரையைப் பார்த்தான்.

"சரி. நம்ம வழக்கம் தெரியுமில்ல? மூப்பராகிறவனுக்கு அவன் வீட்டார் கோயில்ல எந்திரிச்சு சாட்சி சொல்லணும். ஞாயித்துக்கிழமை வாரும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூத்தவள் ஏசுவடியாள் எழுந்து நின்றாள். பிள்ளை பெறாதவள்.

"அம்மா, இவரு வீட்ட நல்லா நடத்துறவரா?" என்று கேட்டார் போதகர்.



"நடத்துனாரு அய்யா. சின்னவ பிள்ளைக ரெண்டும் எங்கிட்டதான் படுக்கும். செவ்வாக்கிழமை வண்டில ஏத்தும்போது சின்னது என் சேலைய விடல. இவருதான் விரலப் பிரிச்சு விட்டாரு."

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

தவசிமுத்து தலை குனிந்தான். "தப்புதான் அய்யா. நாளைக்கே கூட்டியாந்துருதேன்."

"கூட்டி வாரும்."

"வந்தபெறகு என்னைய மூப்பராக்குவீகளா?"

"இல்ல."

"என்னைக்குமா?"

"என்னைக்கும்."

அவன் முகம் கறுத்தது.

"அப்ப எதுக்கய்யா நான் அவளக் கூட்டியாரணும்?"



ஏசுவடியாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"நீங்க இருங்க. நான் போயிக் கூட்டியாறேன்."

"அவ ஊரு அஞ்சு மைலு," என்றான் தவசிமுத்து.

"தெரியும்."

அவள் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

போதகர் வேதபுத்தகத்தை மூடினார். சபையாரைப் பார்த்தார்.

"மூப்பர் வேணும், மூப்பர் வேணும்னு கேட்டீங்களே. அந்தா போறாங்க."