ஓடுகிற கெர்னலில் ஓர் எண்

பத்து மணிக்குப் பரீட்சை முடிவு வெளியானதுமே இணையதளம் முடங்கிவிட்டது. எட்டு லட்சம் பிள்ளைகள் காத்திருந்தார்கள். "மெஷினுக்குத் தெம்பு அவ்வளவுதான். புதுசு வர நாலு நாளாகும்" என்று தேர்வுத் துறை இயக்குநரிடம் கைவிரித்தார் சர்வர் நிபுணர் அனந்தநாராயணன்.

தகவல்களை நகலெடுத்து வைக்கும் பேக்கப் டேப்பை மாற்ற வந்திருந்த ஒப்பந்த ஊழியர் மரியசெல்வி, "மெஷின் சும்மாதாங்க இருக்கு. நாலாயிரம் இணைப்புக்கு மேல ஏற்காதேன்னு, மெஷினையே இயக்குற மூல நிரல் இருக்கே, அந்தக் கெர்னல்ல ஒரு எண் இருக்கு. அதைக் கூட்டினா போதும்" என்றாள்.

நிபுணர் சிரித்தார். "ஓடுகிற கெர்னலில் கை வைப்பாயா? நிறுத்தாமல் மாற்றிக் காட்டு, பார்ப்போம்."

இயக்குநர் தலையசைத்தார். மரியசெல்வி ஒரே ஒரு வரியைத் தட்டினாள். மெஷின் ஒரு கணம்கூட நிற்கவில்லை. திரையில் இணைப்புகளின் எண்ணிக்கை நாலாயிரம் நாற்பதாயிரமாகி, லட்சத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. அறையே எழுந்து நின்றது.

"நாலாயிரம் என்று வைத்த முட்டாள் யார்?" என்று உறுமினார் நிபுணர். மரியசெல்வி அந்த எண் பதிந்திருந்த கோப்பைத் திரையில் திறந்தாள்.

"வச்சவர் பேரு கோப்பிலேயே இருக்குங்க. பெரியவங்க பேரை நான் எப்படிங்க வாய்விட்டுச் சொல்றது?"

இயக்குநர் திரைப்பக்கம் குனிந்து, "அனந்தநாராயணன்" என்று நிதானமாக வாசித்தார்.