லொடக் லொடக் கல்யாண வேன்

ஒரு மலை ஊர்ல ஒரு சந்தேகக்கார அத்தை இருந்தாளாம். பேரு குருவம்மா. ம் கொட்டுடி! தூங்குற மாதிரி பாசாங்கு பண்றவள எனக்குத் தெரியாதா? ஆங், அப்படி.

குருவம்மாவுக்கு எதப் பாத்தாலும் சந்தேகம். பால்காரன் பால் ஊத்துனா, சொம்ப வெளிச்சத்துல தூக்கிப் பாப்பா. கத்திரிக்கா வாங்கப் போனா ஒவ்வொண்ணாத் திருப்பி, "இதுல புழு இருக்கு, நீ மறைக்கிற"ம்பா. ஊரே சிரிக்கும். அவ அசர மாட்டா.

அப்புறம், அவ அண்ணன் மகன் செல்லப்பாண்டிக்குக் கல்யாணம் வந்துச்சு. பொண்ணு வீடு மலைக்குக் கீழ. காலைல கெளம்பி, முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரணும். வேனுக்கு மாலை போட்டாச்சு. சூடம் சுத்தியாச்சு. சக்கரத்துக்கு அடில எலுமிச்சம்பழம் வச்சு நச்சு நச்சுன்னு நசுக்கியாச்சு. டிரைவர் பால்ச்சாமி விசிலடிச்சுக்கிட்டே வண்டிய எடுத்தான். குருவம்மா, தாலிய மஞ்சத் துணில முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிட்டு, பின் சீட்டுல உக்காந்தா.

ர்ர்ர்ருனு வேன் எறங்குது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம், யாத்தே, எட்டிப் பாத்தா தலை சுத்துற பள்ளம். அப்போ ஒரு சத்தம் கேக்குது. கட கட கட! "நிறுத்துடா பால்ச்சாமி, என்னமோ கழண்டு கெடக்கு!"னு குருவம்மா கத்துனா. நிறுத்துனான். எல்லாரும் தேடுனா, பின்னாடி அண்டாவுக்குள்ள ஒரு கரண்டி உருளுது. ஒரே சிரிப்பு.

அந்தக் கரண்டிய எடுத்து மடில வச்சுக்கிட்டா. அப்புறம் கொஞ்ச தூரம் போனா, டொக் டொக் டொக்! "நிறுத்து!" மறுபடி நிறுத்துனான். பாத்தா, முன் சீட்டுல மாப்பிள்ளையோட தாத்தா சின்ன உரல்ல வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்காரு. சிரிப்பு இன்னும் பெருசாச்சு. மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிப்பு வரல.

"அத்தே, இன்னொரு தடவ வண்டிய நிறுத்துன, எனக்குக் கெட்ட கோவம் வரும். முகூர்த்தம் தப்பிப் போனா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

குருவம்மா வாய மூடிக்கிட்டா. காத மூடலையே! கரண்டி அவ மடில. தாத்தா உரல மூட்டை கட்டிட்டாரு. ஆனாலும் கேக்குது... லொடக். லொடக். வண்டி வெரசாப் போனா லொடக்லொடக்லொடக். மெதுவாப் போனா லொடக்... லொடக். "அட, இது சக்கரத்தோட சேந்து சுத்துற சத்தம்ல!" குருவம்மா ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. இனிமேதான் பெரிய பெரிய வளைவெல்லாம் வருது. வேன் நெறைய சொந்தபந்தம், கைக்கொழந்தைங்க வேற.

"பால்ச்சாமி, எறங்கிச் சக்கரத்த ஒரு பார்வை பாருய்யா."

"யக்கா, சும்மா வாங்கக்கா. பாட்டுச் சத்தத்தக் கூட்டவா?"

கூட்டியும் விட்டான், பாவி.

ம் சொல்லு. இப்போ அவ என்ன செய்வா? கத்துனா நிறுத்த மாட்டான். அழுதா மாப்பிள்ளை கோவிப்பான். கல்யாண வண்டி எந்த வார்த்தைக்கு நிக்கும்னு யோசிச்சா. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"ஐயய்யோ! தாலிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேனே!"

கிறீஈஈச்!

பிரேக்கு போட்டான் பாரு, எல்லாரும் தொபதொபன்னு முன்னாடி விழுந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா கீழ எறங்கி ரோட்டுலயே உக்காந்து ஒப்பாரி வைக்கிறா. "நல்ல நாளும் அதுவுமா குடியக் கெடுத்துட்டியே!"ன்னு ஆளாளுக்குத் திட்டுறாங்க. குருவம்மா எறங்கி, நேராப் பின் சக்கரத்துக்கிட்டப் போனா. கைய வச்சு ஆட்டுனா. லொட லொட லொட!

சக்கரத்தப் பிடிச்சு வைக்கிற நட்டுங்கள்ல பாதியக் காணோம். மிச்சத்தத் தொட்டா, விரலோட கழண்டு வருது.

பால்ச்சாமி சக்கரத்தப் பாத்தான், பள்ளத்தப் பாத்தான், அப்படியே கீழ உக்காந்துட்டான். "நேத்து பஞ்சராச்சுக்கா. ஸ்டெப்னிய மாட்டி, நட்டக் கையால முறுக்கிட்டு இருந்தேன். மாலை கட்ட வாடான்னு கூப்ட்டாங்க. போனேன். ஸ்பேனர் போட்டு இறுக்க மறந்தே போச்சு."

"எலுமிச்சம்பழம் வைக்கக் குனிஞ்சியே, அப்பவாவது தொட்டுப் பாக்கக் கூடாதா?"ன்னு கேட்டா குருவம்மா. அவன் அழுதுட்டான். அவ இடுப்புல இருந்து தாலிய எடுத்துக் காட்டுனா. மாப்பிள்ளை, திட்டுன வாயாலயே "அத்தே"ன்னு அவளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான்.

அப்புறம் மத்த சக்கரத்துல இருந்து ஒவ்வொரு நட்டக் கழட்டி, இதுல மாட்டி, ஸ்பேனர் மேல ஏறி நின்னு இறுக்கி, ஊர்ந்து ஊர்ந்து மலை எறங்குனாங்க. அடிவாரத்துல மெக்கானிக் கடை. அங்க புது நட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு, முகூர்த்தம் முடியுற நேரத்துக்கு மண்டபத்துக்குள்ள ஓடுனாங்க. பீ பீ பீ, டும் டும் டும்! தாலி ஏறிருச்சு.

என்னடி, தூங்கிட்டியா? இன்னும் கொஞ்சந்தான்.

சாயங்காலம் திரும்பணும். ஒருத்தரும் வேன்ல ஏறல. ஆளாளுக்கு ஒரு சக்கரத்த ஆட்டுறாங்க, உதைக்கிறாங்க. "எல்லாம் கிண்ணுனு இருக்கு, ஏறுங்க!"ன்னாங்க. எல்லாரும் ஏறுனாங்க. புதுப்பொண்ணு மட்டும் ஏறல. பேரு வாசுகி. காலைல நடந்ததெல்லாம் அவ காதுக்கு வந்திருந்துச்சு. பட்டுச்சேலைய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, வேனச் சுத்தி ஒரு நடை நடந்தா. பால்ச்சாமிகிட்ட வந்து நின்னா.

"அண்ணே, நேத்து பஞ்சரான டயரு இப்போ எங்க இருக்கு?"

"பின்னாடி... ஸ்டெப்னியா..."

"பஞ்சர் ஒட்டியாச்சா?"

பால்ச்சாமி தலையச் சொறியுறான். ஒட்டல!

"அப்போ வழில இன்னொண்ணு பஞ்சரானா எதப் போடுவீங்க? ஒட்டிட்டு வாங்க, நான் இங்கயே நிக்கிறேன்"னா.

குருவம்மா ஜன்னல் வழியா அவள மேல கீழ பாத்தா. மனசு குளுந்து போச்சு. கடகடன்னு எறங்கி வந்து, கன்னத்த வழிச்சுத் திருஷ்டி கழிச்சா.

"அடி என் ராசாத்தி! எனக்கு மேல ஒருத்தியா? இனி நான் வண்டில நிம்மதியாத் தூங்குவேன்டி!"

தூங்கவும் செஞ்சா, மலை ஏறி முடியுற வரைக்கும், கொர்ர்ர்ர்னு. அம்புட்டுதான் கதை. வேன் வீடு சேந்துருச்சு, நீயும் கண்ண மூடு.