ஜமீன் கத்திக்கு என்ன பொடி?

செவல்குறிச்சி ஜமீன்தாருக்குச் சவரம் செய்கிறவர் மருதப்பன். உமிச்சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, தோல்வாரில் தடவி, அதில்தான் கத்தியைத் தீட்டுவார்.

ஆயுதசாலை அதிகாரி வல்லபராயருக்கு அது பொறுக்கவில்லை.

"ஜமீன் முகத்துக்கு அடுப்புச் சாம்பலா? நாளை முதல் வாளுக்குப் போடுகிற குருந்தக்கல் பொடிதான். கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் உன் கை போய்விடும்."

ஜமீன்தாரும் தலையாட்டிவிட்டார்.

அந்தப் பொடியோ ஆற்றுமணல் மாதிரி நறநறக்கும். அதில் தீட்டினால் சவரக்கத்தி ரம்பமாகிவிடும். மருதப்பன் கைகட்டி நின்றார்.

"உத்தரவு சாமி. எனக்கு அந்தப் பொடி பழக்கமில்லை. முதல் தரம் நீங்களே தீட்டிக் காட்டணும்."

மறுநாள் சபை நடுவே வல்லபராயர் வியர்க்க வியர்க்கத் தீட்டினார். மருதப்பன் கத்தியை வாங்கிக்கொண்டு, அவர் முகத்திலேயே தண்ணீரைத் தடவினார்.

"என்னடா இது?"

"எங்கள் தொழில் வழக்கம் சாமி. புதுப் பொடி போட்டால், தீட்டினவர் முகத்தில்தான் முதல் சவரம். அப்புறம்தான் எஜமான் முகம். மீசையோரம் ஆரம்பிக்கட்டுமா?"

பதினைந்து வருஷம் நெய் தடவி வளர்த்த மீசை அது. வல்லபராயர் ஜமீன்தாரைப் பார்த்தார். அவர் வேடிக்கை பார்க்க வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மருதப்பா," அதிகாரியின் குரல் இறங்கியிருந்தது, "அந்தச் சாம்பல் கொஞ்சம் மிச்சம் இருக்கா?"